சோலாருக்கு முன்னால் மொட்டை மாடியைப் பாருங்கள்

புது வீடு கட்டப் போகிறோம், கரண்ட் பில் குறைய வேண்டும், சுற்றுச்சூழலுக்கும் கெடுதல் இருக்கக் கூடாது என்று யோசனை கேட்பவர்கள் அடுத்த வரியிலேயே கேட்பது, எத்தனை கிலோவாட் சோலார் போடலாம் என்பதைத்தான். சோலார் நல்லதுதான், அதற்கும் வருவோம். ஆனால் நம் ஊரில் வீட்டைக் கொதிக்க வைப்பவை முக்கியமாக இரண்டு இடங்கள். ஒன்று தலைக்கு மேலே இருக்கும் தளம், இன்னொன்று மேற்குச் சுவர். கட்டும்போதே இந்த இரண்டையும் கவனிக்காமல் விட்டுவிட்டு மேலே சோலாரும் உள்ளே ஏசியும் மாட்டுவது, ஓட்டைத் தொட்டியை வைத்துக்கொண்டு பெரிய மோட்டார் வாங்குவது மாதிரி.

நான் சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளிக்கு. ஒரு கிரவுண்டுக்குள் மனை, தரைத்தளம் அல்லது மேலே ஒரு மாடி, அவ்வளவுதான். ஊட்டி, கொடைக்கானலில் கட்டுபவர்களுக்கு இது ஆகாது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, காற்றுப் புகாதபடி வீட்டையே அடைக்க வேண்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் ஊரில் 1990-91-ல் கட்டிய பாசிவ் ஹவுஸிலிருந்து வந்த யோசனை அது, உள்ளே இருக்கும் சூட்டைக் குளிர்காலத்தில் வெளியே விடாமல் காப்பதற்கானது. சென்னையிலோ திருச்சியிலோ நமக்கு வேண்டியது நிழலும் காற்றும். அடைப்பதென்றால் ஏசி போடும் ஒரு அறையை மட்டும் நன்றாக அடைத்தால் போதும்.

வெயில் எங்கிருந்து வருகிறது

பிளான் போடும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் சூரியன் ஏப்ரல் 24 வாக்கில் உச்சி வேளையில் நேர் தலைக்கு மேல் வரும், அப்புறம் ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் வரும். இடைப்பட்ட மாதங்களில், கத்திரி வெயில் உட்பட, நடுப்பகல் சூரியன் கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். டிசம்பரில் தெற்கே இறங்கி, உச்சியிலேயே 53, 54 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். இதற்கு என்ன அர்த்தம் என்றால், தெற்கு ஜன்னலில் வெயில் விழுவது பெரும்பாலும் குளிர்ந்த மாதங்களில், அதையும் 2 அடி சன்ஷேட் பாதிக்கு மேல் மறைத்துவிடும். வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் வேண்டாம் என்று காசை மிச்சம் பிடிப்பார்கள், மே மாதத்தில் அங்கேதான் வெயில் எட்டிப் பார்க்கும், மழைச் சாரலுக்கும் அது வேண்டும், அதனால் அங்கேயும் போட்டுவிடுங்கள்.

கிழக்கும் மேற்கும் வேறு கதை. மே மாதம் மாலை நாலரை மணிக்குச் சூரியன் 30 டிகிரிக்கும் கீழே இறங்கியிருக்கும். அப்போது 4 அடி உயர மேற்கு ஜன்னலுக்கு மேலே இருக்கும் 2 அடி சன்ஷேட் மறைப்பது சுமார் 1 அடிதான், மிச்ச 3 அடிக் கண்ணாடி வழியாக வெயில் நேராகக் கட்டில் மேல் வந்து விழும். ஆகவே மேற்கில் ஜன்னலே வேண்டாம், வைத்தே ஆக வேண்டும் என்றால் சின்னதாக, வெளிப்பக்கம் மூடும் மரக்கதவோடோ, துளை துளையாக விட்டுக் கட்டும் ஜாலியோடோ வையுங்கள். உள்ளே தொங்கும் திரை வெளிச்சத்தைத்தான் தடுக்கும், கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வந்ததுதான். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

மனை நமக்கு வாகாக இருந்தால் வீட்டின் நீளமான பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும், குட்டையான பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். லே-அவுட் மனையில் பெரும்பாலும் இது நம் கையில் இருக்காது. அப்போது உள்ளே மாற்றுங்கள். மாடிப்படி, குளியலறை, ஸ்டோர், லாஃப்ட் வைத்த அலமாரி, மனிதர்கள் நெடுநேரம் உட்காராத எதுவானாலும் மேற்குப் பக்கம் தள்ளுங்கள்.

இங்கேதான் வாஸ்து குறுக்கே வரும். கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், வீட்டுத் தலைவரின் படுக்கையறை என்பார்கள். மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை வெயில் வாங்கும் மூலை அதுதான். 9 இன்ச் செங்கல் சுவர் பகலெல்லாம் அந்தச் சூட்டைக் குடித்துவிட்டு, நாம் படுக்கப் போகும் நேரம் பார்த்து உள்ளே விடும். அதற்காக வாஸ்துவோடு மல்லுக்கட்டச் சொல்லவில்லை, வீட்டுப் பெரியவர்களோடு அந்தச் சண்டையில் ஜெயித்தவர்கள் குறைவு. அறையை அங்கேயே வைத்துக்கொண்டு மேற்குச் சுவரை ஒட்டி வெளிப்பக்கமாக அட்டாச்டு பாத்ரூமைக் கொண்டுவாருங்கள், அல்லது உள்ளே தரையிலிருந்து மேலே வரைக்கும் வார்ட்ரோப் அடியுங்கள். ஜன்னலைத் தெற்கில் வையுங்கள். இரண்டாவது ஜன்னல் வைக்க இடம் இல்லாவிட்டால், கதவுக்கு மேலே காற்று போக வழி விடுங்கள். மேற்குச் சுவரை மட்டும் வேறு கட்டுமானத்தில் கட்டலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

ஜன்னல் விஷயத்தில் ஒரு கணக்கு

மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு 2018-ல் எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்று வீடுகளுக்கான விதித்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்காக எழுதியது, நம் சின்ன மனைக்குக் கட்டாயம் இல்லை, ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சென்னை மாதிரி சூடும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், ஆறில் ஒரு பங்கு, இருக்க வேண்டும் என்கிறது அது.

100 சதுர அடி அறைக்கு 4-க்கு 4 ஜன்னல் ஒன்று வைத்தால் 16 சதுர அடி, கணக்கு கிட்டத்தட்ட சரி. ஆனால் அது இரண்டு தண்டவாள யு.பி.வி.சி. பிளாஸ்டிக் ஸ்லைடிங் ஜன்னலாக இருந்தால் திறப்பது பாதிதான், 8 சதுர அடி. இன்றைக்குக் கட்டும் வீடுகளில் பாதிக் காற்று இப்படியே போகிறது என்பேன். வெளியே திறக்கும் கதவு ஜன்னல் கொஞ்சம் பழைய ஸ்டைல் என்று தோன்றலாம், முழுசாகத் திறக்குமே. ஒரே சுவரில் பெரிய ஜன்னல் ஒன்று வைப்பதைவிட இரண்டு சுவர்களில் நடுத்தரமாக இரண்டு வைத்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும்.

அப்புறம் கொசுவலை. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே குளிர ஆரம்பிக்கும்போது நாம் கொசுவுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்துகிறோம், சுவர் சூட்டை விடுகிற நேரம் அதுதான், அந்தச் சூடு உள்ளேயே கிடக்கிறது. எல்லா ஜன்னலுக்கும் வலையை எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றால் நடக்காது. மாடிப்படி ஹெட்ரூமில் மேலே லூவர், அதாவது சாய்ந்த பட்டைகள் வைத்த காற்றுவழி, வைத்துவிட்டால் கீழே இருக்கும் சூடான காற்று படிக்கட்டு வழியாக ஏறித் தானே வெளியேறும், இதற்கு மின்சாரமும் வேண்டாம்.

சுவர்

இதில் ஆளாளுக்கு ஒரு மதம் இருக்கிறது. செங்கல்லை விட்டுத்தர மாட்டேன் என்பவர்களுக்கு எலிப்பொறிக் கட்டு, அதுதான் ராட் ட்ராப் பாண்ட், நல்ல வழி. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் தங்கிவிட்ட லாரி பேக்கர் கேரளாவில் பரப்பியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாக்கில் நிறுத்திக் கட்டுவார்கள். 3 இன்ச் கல், நடுவில் 3 இன்ச் வெற்றிடம், மறுபடி 3 இன்ச் கல். சுவர் அதே 9 இன்ச்தான், ஆனால் செங்கல் சுமார் கால் பங்கு மிச்சமாகும், கலவையும் குறையும், நடுவில் இருக்கும் காற்று சூட்டைத் தடுக்கும். வயரிங் பைப்பை அந்த இடைவெளியிலேயே விட்டுவிடலாம், பூசிய பிறகு சுவரைக் குடைய வேண்டாம். அடிமட்டம், ஜன்னலின் கீழ்மட்டம், லிண்டல், தளத்துக்குக் கீழே, இந்த வரிசைகளை மட்டும் வெற்றிடம் இல்லாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும். கல் ஒரே அளவாக இருந்தால்தான் இது சரியாக வரும், அளவு முன்னே பின்னே இருக்கும் நாட்டுச் செங்கல்லில் கொத்தனார் திண்டாடுவார், சேம்பர் சூளையில் சுட்ட நல்ல கல்லாகப் பாருங்கள். ஏற்கனவே செய்து பழகியவரையே பிடியுங்கள். தெரியாதவர் இடைவெளி முழுக்கக் கலவையை ரொப்பி வைத்துவிடுவார், அப்புறம் எந்தப் பலனும் கிடையாது.

தூண், பீம் வைத்துக் கட்டும் வீடு என்றால் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள லேசான காங்கிரீட் கல், யோசிக்கலாம். எடை குறைவு, சூட்டைத் தடுப்பதில் செங்கல்லைவிடப் பல மடங்கு மேல். மேற்கு, கிழக்குச் சுவர்களுக்கு மட்டும்கூட இதைப் போடலாம். சாதாரண சிமெண்ட் கலவையில் கட்டாமல் அதற்கென்று இருக்கும் மெல்லிய பசையில் கட்டச் சொல்லுங்கள், தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கோடு கோடாக வெடிக்கும். ஃபிளை ஆஷ் கல் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்வது. சூளை வைக்காமல், விறகோ நிலக்கரியோ எரிக்காமல் வருவதால் சுற்றுச்சூழல் கணக்கில் நல்ல பெயர் உண்டு. ஆனால் சூட்டைத் தடுக்கும் விஷயத்தில் செங்கல்லைவிடப் பெரிதாக உயர்த்தி ஒன்றும் சொல்ல முடியாது. சாலிட் காங்கிரீட் பிளாக் மலிவு, வெயில் படும் சுவருக்கு வேண்டவே வேண்டாம்.

மண் கல் பிடித்தவர்கள் ஒருமுறை ஆரோவில் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் எர்த் இன்ஸ்டிட்யூட் 1989-லிருந்து இதே வேலையாக இருக்கிறது. மண்ணோடு 5 சதவீத அளவில் சிமெண்ட் சேர்த்து மெஷினில் அழுத்திய கல், சூளைக்கே போகாதது. உங்கள் மனை மண் அதற்கு ஒத்துவருமா என்று சோதித்துவிட்டு இறங்குங்கள், களிமண் அதிகம் என்றால் சிரமம்.

தளம்

பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் எங்கே வேண்டுமானாலும் குறையுங்கள், இங்கே குறைக்காதீர்கள். எலிவேஷனுக்கு ஒட்டும் கல்லை நிறுத்தினாலே இந்தச் செலவில் பெரும்பகுதி வந்துவிடும்.

எக்கோ நிவாஸ் சம்ஹிதா தளத்தின் வெப்பக் கடத்தல் அளவு, யு-வேல்யூ என்பது, 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் காங்கிரீட் தளம் கிட்டத்தட்ட அதைப்போல் மூன்று மடங்கு. பகல் முழுக்க வெந்த தளம் இருட்டிய பிறகும் தலைக்கு மேலே சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும், ஃபேனைப் போட்டால் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். சீலிங்கை 10 அடியிலிருந்து 12 அடிக்கு ஏற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்துச் சுவருக்குச் செலவு செய்பவர்கள் உண்டு, அந்தப் பணத்தைத் தளத்துக்கு மேலே போட்டால் பலன் அதிகம்.

வழி பல இருக்கிறது. நம் ஊர்ப் பழைய முறை சுருக்கி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து 3, 4 இன்ச் போட்டு, கட்டையால் தட்டி, மேலே தட்டோடு பதிப்பது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தட்டுவார்கள். வாட்டத்துக்கும் ஒழுகலுக்கும் அருமையானது, சூட்டைத் தடுப்பதில் சுமார்தான். தளத்தின் மேல் நல்ல பாரம் ஏறும், ஆகவே கம்பிக் கணக்குப் போடும் முன்பே என்ஜினியரிடம் சொல்லிவிட வேண்டும். தட்டிப் பக்குவம் பார்க்கத் தெரிந்த ஆட்களும் குறைந்துவிட்டார்கள்.

சூடு இறங்கவே கூடாது என்றால் எக்ஸ்.பி.எஸ். போர்டு. தெர்மோகோல் வகைதான், ஆனால் மிதித்தாலும் அமுங்காத கெட்டி. தளத்தில் வாட்டர்புரூஃபிங் செய்து, தண்ணீர் கட்டிச் சோதித்து, அதற்கு மேல் 50 மி.மீ. போர்டைப் பரப்பி, அதற்கு மேல் ஸ்கிரீட் எனும் மெல்லிய காங்கிரீட் அடுக்கு, கடைசியில் ஓடு. இந்த ஒரு அடுக்கிலேயே 1.2-க்கும் கீழே வந்துவிடலாம். பெட்ரோலியத்திலிருந்து வருகிற பொருள்தானே, இது என்ன பசுமை என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் வீடு நிற்கிற காலம் முழுக்க ஏசிக்குக் குறையும் மின்சாரத்தை நினைத்தால் நான் இதன் பக்கம்தான் நிற்பேன். சீலிங்குக்குக் கீழே ஒட்டுவதைவிட மேலே போடுவது நல்லது, காங்கிரீட்டே வெயிலில் வேகாமல் தப்பிக்கும்.

எதைப் போட்டாலும் மேல்முகம் வெள்ளையாக இருக்கட்டும். வெள்ளை கூல் டைலோ வெள்ளை ரூஃப் பெயிண்டோ வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும், அறை வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். கையில் காசே இல்லை என்றால் சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு. மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கறுத்துவிடும், வருடா வருடம் பங்குனிக்கு முன்னால் தேய்த்துக் கழுவுங்கள், கறுத்த வெள்ளையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சிமெண்டையும் கம்பியையும் குறைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஃபில்லர் ஸ்லாப் இருக்கிறது, இதையும் பரப்பியது பேக்கர்தான். தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி, அங்கே இருக்கும் காங்கிரீட் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. அந்த இடங்களில் மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துக் காங்கிரீட் போடுவார்கள். ஓடுகளை முன்பே தண்ணீரில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் காங்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். எங்கே ஓடு வரலாம், எங்கே வரக் கூடாது என்பதை ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் வரைந்து தர வேண்டும், மேஸ்திரியின் கண் அளவுக்கு விடக்கூடிய வேலை இல்லை இது.

சிமெண்ட், தண்ணீர்

சிமெண்டாக அரைப்பதற்கு முன் சூளையில் வெந்து வரும் கட்டிதான் கிளிங்கர், அது ஒரு டன் தயாரானால் முக்கால் டன்னுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறுகிறது, அதில் பெரிய பங்கு சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருவது. ஆகவே கிளிங்கர் குறைவாக இருக்கும் சிமெண்ட் கேளுங்கள். பி.பி.சி., அதாவது போர்ட்லாண்ட் போஸலானா சிமெண்ட், மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃபிளை ஆஷ் இருக்கும், ஸ்லாக் சிமெண்டில் அதற்குப் பதிலாக இரும்பாலைக் கசடு இருக்கும். இப்படிக் கலக்காத 53 கிரேடு சிமெண்ட்தான் பலம் என்று கடையில் சொல்வார்கள், சாதாரண வீட்டுக்குப் பி.பி.சி. தாராளம். ஒன்றே ஒன்று, இது மெதுவாக இறுகும். கியூரிங் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள், சென்ட்ரிங் முட்டுகளைப் பிரிக்க அவசரப்படுத்தக் கூடாது. நிலை, கதவு, ஜன்னலுக்குக் காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பிரித்து விற்கும் தேக்கைப் பார்க்கலாம், அளவை முதலில் எடுத்துவந்து அதற்கேற்பச் சுவர் கட்டுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே இங்கே கட்டாயம், பல வீடுகளில் பிளான் பாஸாவதற்கு மட்டும் ஒரு குழாய் இருக்கிறது. சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, 1,000 சதுர அடி மாடி என்றால் சேதாரம் போக ஒரு லட்சம் லிட்டர் வரும். முதல் மழையை வெளியே விட வால்வு, அப்புறம் மணல் ஜல்லி வடிகட்டி, அப்புறம் சம்ப், நிரம்பி வழிவது கிணற்றுக்கோ போர் பக்கத்துக் குழிக்கோ போகட்டும். குளிக்கும் தண்ணீர்க் குழாயைக் கழிவறைக் குழாயோடு சேர்க்காமல் தனியாக எடுத்துக் கல்வாழைப் பாத்திக்கு விடுங்கள். கட்டி முடித்த பிறகு இந்தக் குழாயைப் பிரிக்கத் தரையை உடைக்க வேண்டும்.

சரி, இப்போது கரண்ட்

முதலில் ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவு. 5 ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத ரீடிங்கில் 160 யூனிட் வரை குறையும். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு அது கரண்ட் கட்டண ஸ்லாபையே மாற்றிவிடும்.

சோலாருக்கு ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் இல்லாத இடம் வேண்டும், நாளுக்கு 4 யூனிட் அளவில் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம், இந்தியாவில் செய்த செல் உள்ள பேனலாக இருக்க வேண்டும். வாஸ்து இங்கேயும் வருகிறது, மேல்நிலைத் தொட்டி தென்மேற்கில் என்பார்கள், பேனல் தெற்கு பார்த்து இருக்க வேண்டும், மதியத்துக்கு மேல் தொட்டியின் நிழல் பேனல்மேல் விழும். ஒன்று தொட்டியைத் தாழ்வாக வையுங்கள், அல்லது பேனலை 8 அடி உயரத்தில் ஸ்டாண்ட் அடித்து ஏற்றுங்கள். உயரத்தில் ஏற்றினால் கீழே துணி காயப்போட நிழலும் கிடைக்கும், தளத்துக்கும் குடை பிடித்த மாதிரி. இன்றைக்குக் காசு இல்லாவிட்டாலும் மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை 2 இன்ச் காலிப் பைப் ஒன்றைப் பூசும்போதே விட்டுவிடுங்கள், எர்த்துக்கும் இடம் விடுங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். சதுர அடி ரேட் பேசும் காண்ட்ராக்டர்கள் இதில் பாதியைக் கேட்டதும் அதெல்லாம் இங்கே செட் ஆகாது சார் என்பார்கள், ரேட்டை ஏற்ற வேண்டிவரும் என்பதுதான் காரணம். வாயால் பேசி விடாதீர்கள். சன்ஷேட் அகலம், எந்தச் சுவர் எந்தக் கல்லில், தளத்துக்கு மேலே என்னென்ன அடுக்கு எத்தனை மி.மீ., எந்த வகைச் சிமெண்ட், எத்தனை நாள் கியூரிங், கொசுவலை, காலிப் பைப், தனி குளியல்நீர்க் குழாய் எல்லாவற்றையும் எழுதி, வரைபடத்திலும் குறித்து, அட்வான்ஸ் கொடுக்கும் முன் கையெழுத்து வாங்குங்கள். தளத்தின் மேல் வேலைக்கு உரிய பணத்தைத் தனித் தவணையாக நிறுத்தி வையுங்கள், 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்து, கீழே ஈரம் தெரியவில்லை என்றான பிறகு கொடுக்கலாம்.